ஆறாவது அறை

எங்கள் அரபு மொழியில் ஒரு சொல்லின் எலும்பு என்பது மூன்று மெய்யெழுத்துகள். உயிர் ஒலிகள் அதன்மேல் சதைபோல வந்து ஒட்டிக்கொள்ளும், மாறும், உதிரும். எலும்பு மட்டும் அப்படியே இருக்கும். க, ம, ர என்ற மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையில் வைத்தால் கமர்: நிலா. வரிசையை மாற்றிப் பாருங்கள். கரம்: இறைச்சி தின்ன வேண்டும் என்று நாக்கு தவிக்கிற தவிப்பு. ரக்ம்: எழுத்தில் இடும் குறி. ரமக்: சாகக் கிடப்பவனிடம் மிஞ்சியிருக்கும் கடைசி மூச்சு. மரக்: இறைச்சி வெந்த சாறு. மகிர்: கற்றாழையின் கசப்பு. மூன்று எழுத்துகளை ஆறு விதமாகத்தான் அடுக்க முடியும். இங்கே ஆறும் உயிரோடு இருக்கின்றன.

அகராதி செய்யும் அபூ ஹிலால் இதை எனக்கு முதல்முதலாகச் செய்துகாட்டியபோது கரைத்துக்கொண்டிருந்த மையைக் கீழே வைத்துவிட்டேன். நான் ஹம்தூனா. பஸ்ராவில் காகிதம் விற்ற என் கணவர் இறந்தபிறகு படியெடுக்கும் வேலைக்கு வந்தவள். என் எழுத்து அழகாக இருக்கும் என்று அபூ ஹிலால் என்னை அழைத்திருந்தார். ஒரு மாதத்து வேலை என்றார். பதினோரு வருடம் ஆகிவிட்டது.

மற்றவர்கள் அகராதி செய்வது பேரீச்சம்பழம் பொறுக்குவதுபோல. மரத்தடியில் விழுந்து கிடப்பதையெல்லாம் கூடையில் போடுவார்கள். கூடை நிறையும். ஆனால் மரத்தில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த ஊரில் எங்களுக்கு முன்பே ஒருவர் வேறு வழி கண்டார், அபூ ஹிலால் அந்த வழியில் நடந்தார். முதலில் வீடுகளைக் கட்டிவிடுவது, பிறகு யார் குடியிருக்கிறார்கள் என்று கதவைத் தட்டிப் பார்ப்பது. எழுத்துகள் இருபத்தெட்டு. அவற்றில் வெவ்வேறான மூன்றைச் சேர்த்தால் ஒரு வீடு. அப்படி மூவாயிரத்து இருநூற்று எழுபத்தாறு வீடுகள் கட்டலாம், ஒன்று கூடவும் முடியாது, குறையவும் முடியாது. வீட்டுக்கு ஆறு அறை. தெருவின் வரிசைகூட நம் உடம்பிலிருந்தே வருகிறது. தொண்டையின் அடியாழத்தில் பிறக்கும் எழுத்திலிருந்து முதல் வீடு தொடங்கும், நாக்கு வழியாக, பல் வழியாக முன்னேறி, உதட்டில் பிறக்கும் எழுத்தில் தெரு முடியும். மனிதன் மூன்றெழுத்தில் சொன்னது, சொல்வது, சொல்லக்கூடியது எல்லாம் அந்தத் தெருவுக்குள் அடங்கியாக வேண்டும். நாற்பது தொகுதிகள், ஒரு சுவர் அலமாரி. பல நாள் காலையில் அந்த அலமாரியைத் திறக்கும்போது, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டது சரிதான் என்று தோன்றும்.

குடியிருப்பு உள்ள அறையில் சொல்லையும் பொருளையும் சொன்னவர் பெயரையும் எழுதுவோம். யாரும் இல்லாத அறையின் கதவில் ஒரே ஒரு வார்த்தை: ‘கைவிடப்பட்டது’. அதாவது, இந்த வரிசையை அரபு பேசும் எந்த வாயும் பயன்படுத்துவதில்லை.

குடியிருப்பைக் கண்டுபிடிப்பதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாலைவனத்துக்காரரிடம் ‘இப்படி ஒரு சொல் இருக்கிறதா’ என்று கேட்கக் கூடாது. ஏன் என்றால், கூடாரத்துக்கு வந்த விருந்தாளி ஒன்றைக் கேட்டு, இல்லை என்று சொல்லி அனுப்புவது அவர்களுக்கு மானக்கேடு. விருந்தாளி பால் கேட்டால் பால், ஆடு கேட்டால் ஆடு, சொல் கேட்டால் சொல். அபூ ஹிலாலின் நண்பர் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் உளறிய மூன்றெழுத்தை ஒரு பெரியவர், “ஓ, இருக்கே” என்று ஒப்புக்கொண்டு, பொருளும் சொல்லி, அதன் பன்மையும் சொல்லி, ஒரு குட்டியையும் அறுத்துச் சோறு போட்டிருக்கிறார். ஆகவே சொல்லையும் கேட்கக் கூடாது, பொருளையும் விளக்கிக் கேட்கக் கூடாது. அந்தப் பொருள் தானாக வந்து நிற்கும்வரை அருகில் இருக்க வேண்டும். அது வரும்போது அவர்கள் வாயில் என்ன வருகிறது என்று கேட்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டை ஒரே ஒருமுறை மீறியவர் அபூ ஹிலால்தான்.

ஷுமைல் என்பவர் எங்களுக்குச் சொல் சொல்பவர்களில் ஒருவர். தமீம் குலத்தின் ஒரு சிறு கிளையைச் சேர்ந்தவர். வலது தொடை ஒருகாலத்தில் முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. ஒட்டகம் மேய்க்க முடியாமல் பஸ்ராவுக்கு வந்து, ஊர்வாசலில் உள்ள சந்தையில் தோல் விற்பவர்கள் பக்கம் உட்கார்ந்திருப்பார். எங்கள் தொகுதிகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள் அவர் ஒருவரின் பெயரை மட்டுமே நம்பி நின்றன.

ஒரு வசந்தகாலப் பிற்பகலில் அபூ ஹிலால் ஒரு வீட்டின் அறைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். ஐந்தில் ஆள் இருந்தது. “ஆறாவது மட்டும் பூட்டிக் கெடக்கு பாரு, என்ன வருத்தமா இருக்கு” என்று சொல்லி, அந்த வரிசையை உரக்கச் சொல்லிவிட்டார். ஷுமைல் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

“அது பூட்டிக் கெடக்கலயே” என்றார். “புதுக் கூடாரத் துணில மொத மழை பெய்யும்போது உள்ள சொட்டுமில்ல, துணி ஊறி இறுகற வரைக்கும். அந்தச் சொட்டுக்குத்தான் அப்படிச் சொல்றது.”

அபூ ஹிலாலுக்கு எழுபது வயது. எழுந்து நின்றுவிட்டார். எழுது, எழுது என்றார், நான் எழுதினேன்.

அன்று அங்கே இப்னு வர்தானும் இருந்தார். படிப்பாளி, கூர்மையானவர், அவர் இருக்கும் இடத்தில் யாரும் அரைகுறையாகப் பேசமாட்டார்கள். “பானைய நீங்களே நீட்டுனீங்க, அவன் ஊத்திட்டான்” என்றார். “இதுக்கு முன்னால இப்படி எத்தனை பானை ரொப்பியிருக்கான்னு யாருக்குத் தெரியும்?”

“உங்க பானைய யாரும் நீட்டலயே, அது எப்பவும் ததும்பிட்டுத்தானே இருக்கு” என்றார் ஷுமைல். நாங்கள் சிரித்தோம். இப்னு வர்தான் சிரிக்கவில்லை.

மறுநாளே அவர் சந்தைக்குப் போய் ஷுமைலின் குலத்து ஆண்கள் ஒன்பது பேரைப் பிடித்து, அந்தச் சொல்லை நேராகவே கேட்டார். அவருடைய கேள்வி குறையுள்ளதுதான். ஆனால் சந்தையில் அவர்கள் யாருக்கும் விருந்து வைப்பவர்கள் இல்லை, ஆமாம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒன்பது பேரும் கேள்விப்பட்டதில்லை என்றார்கள். அதோடு விடாமல் ஷுமைலின் மற்ற சொற்களில் இருபதைக் கேட்டார். அவற்றிலும் மூன்றுதான் தெரியும் என்றார்கள்.

அபூ ஹிலால் ஷுமைலை அழைத்துக் கேட்டார். “இதெல்லாம் நீ எங்க கேட்ட?”

“எங்க ஆளுங்க பேசறதுதான்.”

“எந்த ஆளுங்க?”

ஷுமைல் பாயின் ஓரத்து நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லிப் பிடிபட்டவன் இப்படித்தான் இருப்பான் என்று அங்கிருந்த எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

குளிர்காலத்தில் பெரிய பள்ளிவாசலில் நூல் முழுவதும் படிக்கப்படவிருந்தது. ஒருவர் படிப்பார், சுற்றி உட்கார்ந்து எண்பது பேர் எழுதுவார்கள். அந்த எண்பது பிரதிகளும் கூஃபாவுக்கும் பாக்தாதுக்கும் மர்வுக்கும் போகும். ஒரு தவறான சொல் அந்த வண்டியில் ஏறிவிட்டால் அதைத் திரும்பக் கூப்பிட முடியாது. “ஒரு சாட்சி ஒண்ணுல பொய் சொன்னா எல்லாத்துலயும் பொய் சொன்ன மாதிரிதான்” என்றார் அபூ ஹிலால். “இந்தச் சொல்லு விழுந்தா முந்நூத்திப் பன்னெண்டும் விழும். எழுதினதச் சுரண்டிருவோம்.” பிறகு என்னைப் பார்த்தார். “அதுக்கு முன்னால ஒருதடவை பாத்துருவோம். மழை கூடாரத்துக்குள்ளதான் சொட்டும். ஆம்பளை விருந்தாளி முன்பக்கத்துல உக்காந்திருப்பான். நீ உள்ளயே இருக்கலாம். போய்ட்டு வர்றியா?”

அந்தச் சொல்லை இங்கே நான் எழுதப் போவதில்லை. என் வாயால் சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு இடப்பட்ட வேலை. பழகிப்போய்விட்டது.

இலையுதிர்காலத்தில் பேரீச்சம்பழ மூட்டைகளோடு பாலைவனத்துக்குப் போகும் வணிகக் கூட்டத்தில் என் மகன் ஸாலிமும் இருந்தான். நான்கு நாள் பயணத்தில் ஷுமைலின் கிளையார் கூடும் கிணற்றை அடைந்தோம். அவன் என்னை ரய்யா என்ற பெண்ணின் கூடாரத்தில் விட்டுவிட்டு மேலே போனான். ரய்யாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவளுடைய நாத்தனார் உமைமாவும் அங்கேயே இருந்தாள், கையில் பல் முளைக்காத குழந்தை.

“எதுக்கு வந்த?” என்றாள் ரய்யா.

“ஆட்டுமயிர் நூக்கக் கத்துக்க வந்தேன்.” இது பொய்யில்லை. அந்தத் துணி எப்படி நெய்யப்படுகிறது என்று எனக்கு நெடுநாளாகத் தெரிந்துகொள்ள ஆசை.

“பட்டணத்துல துணி கெடைக்காதாக்கும்” என்றாள் உமைமா.

“கெடைக்கும். உங்க துணி ஒழுகாதாம்ல.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தக்கிளி என் கையில் நிற்கவே நிற்காது. நூல் அறுந்து அறுந்து உருளும். உமைமா அதைக் குழந்தைக்கு விளையாட்டுக் காட்ட வைத்துக்கொண்டாள். ஆனால் துணியின் சூட்சுமம் எனக்குப் புரிந்தது, அதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. கூடாரம் ஒரே துணி இல்லை. முழங்கை அகலப் பட்டைகளாக நெய்து, நீளவாக்கில் சேர்த்துத் தைக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு புதுப் பட்டையை நடுவில் வைத்துத் தைப்பார்கள், பழையவை ஓரத்துக்கு நகரும். உச்சி எப்போதும் புதிது, விளிம்பு எப்போதும் பழையது. வெயிலில் மயிர் சுருங்கி, துணியில் கண்கண்ணாகத் துளைகள் இருக்கும், காற்று புகும். மழை பட்டதும் மயிர் ஊறிப் பருத்துத் துளைகளை அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு ஒரு துளி இறங்காது. பழைய பட்டைகள் உடனே அடைத்துக்கொள்ளும். புதுப் பட்டைக்குத்தான் பழக வேண்டியிருக்கிறது, அதுவரை சொட்டும். அந்த வருடத்துப் புதுப் பட்டை தறியிலிருந்து அறுத்துத் தைக்கப்பட்டு பத்து நாள்தான் ஆகியிருந்தது.

மழைதான் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் என் பொறுமை போயிற்று. ரய்யா கிணற்றுக்குப் போயிருந்தபோது ஒரு தோல்பை நீரைத் தூக்கிப் புதுப் பட்டையின்மேல் ஊற்றினேன். உள்ளே சொட்டியது. உமைமா தலையை வெளியே நீட்டினாள். இப்போது சொல்லுவாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ரய்யா,” என்று கிணற்றைப் பார்த்துக் கத்தினாள், “ஒன் விருந்தாளிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு.”

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஊற்றின தண்ணீர் மழை இல்லை, மழை இல்லாததற்கு அந்தப் பெயரும் இல்லை. ரய்யா என்னைத் திட்டவில்லை, விருந்தாளி அல்லவா. ஆனால் அதன்பிறகு தண்ணீர்ப் பைகளைத் தன் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பத்தொன்பதாம் நாள் மதியம் மேற்கே வானம் தகரம்போல மங்கியது. காற்று நின்றது. ரய்யாவின் கணவனும் மற்ற ஆண்களும் மண்வெட்டியோடு ஓடி, வெள்ளம் உள்ளே வராமல் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள். முதல் துளிகள் தலைக்குமேல் தட்டின. நனைந்த ஆட்டுமயிரின் நெடி கூடாரம் முழுவதும் பரவியது. நான் புதுப் பட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். துணியின் அடியில் ஒரு மணி திரண்டது. தொங்கியது. என் மணிக்கட்டில் விழுந்தது.

ரய்யா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாவு பிசைந்துகொண்டே, அந்தச் சொல்லைச் சொல்லி, “வந்துருச்சு, மாவ மூடு” என்றாள்.

உமைமா கிண்ணங்களை எடுத்து வைத்தபடி அதே சொல்லை வினையாக்கி, தொட்டில் பக்கம் அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றாள். பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு பெண்குரல் அதன் பன்மையைச் சொல்லி, உங்களுக்கு எத்தனை என்று கேட்டது. ஏழு என்றாள் ரய்யா. எங்களுக்கு நாலுதான் என்று பீற்றிக்கொண்டது அந்தக் குரல். யார் நெருக்கமாக நெய்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குள் போட்டி. உமைமா குழந்தையின் மோவாயில் வழிந்த எச்சிலைத் துடைத்து, அதே சொல்லால் அதைக் கொஞ்சினாள்: புதுத் துணி நீ, பல்லு வந்தா நின்னுரும், என்ன.

பொய்ச் சொல் தனியாள். அதற்குப் பொருள் இருக்கும், வினை இருக்காது, பன்மை இருக்காது, அதை வைத்து யாரும் குழந்தையைக் கேலி செய்யமாட்டார்கள். இந்தச் சொல் ஒரு குடும்பத்தோடு வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. பஸ்ராவில் ஒரு காகிதத்தில், எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கியதில் கிடைத்த வெறும் வரிசை, நான்கு நாள் தொலைவில் ஒரு மழைக்குள் உயிரோடு இருந்திருக்கிறது. கட்டப்பட்ட அறையும் குடியிருந்த ஆளும் இத்தனை காலம் ஒன்றையொன்று அறியாமலே பொருந்தியிருந்தன.

கொஞ்ச நேரத்தில் மயிர் ஊறிற்று. சொட்டு ஒவ்வொன்றாக நின்றது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே தரை உலரத் தொடங்கியது.

ரய்யாவின் கணவன் சொட்டச் சொட்ட வந்து நின்றான். “ஒழுகுச்சா?” என்று கேட்டான், எல்லோரும் சொல்கிற சாதாரணச் சொல்லால்.

“இல்ல, நின்னுருச்சு” என்றாள் அவள், அவளும் சாதாரணச் சொல்லால்.

அவன் போனபிறகு, இனிமேல் கேட்கலாம் என்பதால் கேட்டேன். “அவர் ஏன் நீங்க சொல்ற மாதிரி சொல்லல?”

“அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வெளிய நனைஞ்சுட்டு நிக்கிறார்.”

“தெரிஞ்சாலும் சொல்லமாட்டாங்க” என்றாள் உமைமா. “தறிப் பேச்சு அது. ஒரு ஆம்பளை வாய்ல வந்தா ஊரே சிரிக்கும்.”

கூடாரத்தின் நடுவே, முன்பக்கத்தையும் உள்பக்கத்தையும் பிரித்து ஒரு திரை தொங்கியது. நான் அதைப் பார்த்தேன். பஸ்ராவில் எல்லாத் தொகுதிகளிலும் உள்ள சொன்னவர் பெயர்கள் என் மனதில் வரிசையாக ஓடின. ஒட்டகம் விற்க வந்தவர்கள், தோல் விற்க வந்தவர்கள், வழக்குக்கு வந்தவர்கள். நான் வருவதற்கு முன்பிருந்தே, பத்தொன்பது வருடமாக, அபூ ஹிலால் ஒரு மொழியின் முன்பக்கத்திடம் மட்டுமே பேசியிருக்கிறார். அவர் மட்டுமா, எல்லோரும்தான். நான் ஒரு பெண், அத்தனை பெயர்களையும் என் கையால் எழுதியவள், எனக்கும் தோன்றவில்லை.

இன்னும் பத்து நாள் இருந்தேன். ஷுமைலின் முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்களையும் மூன்று முறை படியெடுத்தவள் என்பதால் எனக்கு மனப்பாடம். தறியடியில், தோல்பையில் மோர் ஆட்டும்போது, பிரசவத்துக்குப் போய்வந்த ஒருத்தி பேசும்போது, ஒவ்வொன்றாக அவை கேட்டன. நாற்பத்தொன்று கேட்டேன். ஒன்றைக்கூட நான் கேட்டு வாங்கவில்லை.

கிளம்புகிற நாள் ரய்யாவிடம் ஷுமைலைத் தெரியுமா என்று கேட்டேன்.

“எங்க சித்தப்பா மகன்தான். ஒட்டகத்துல இருந்து விழுந்து தொடை ஒடிஞ்சு, எங்கம்மா தறிப் பக்கத்துல ஒம்பது மாசம் கெடந்தான். எலும்பு நேராச் சேரவே இல்ல. சும்மா கெடக்கக் கூச்சப்பட்டு நூல் நூத்துக் குடுப்பான். ஒன்னவிட நல்லாவே நூப்பான்.” சிரித்தாள். “இப்ப என்ன பண்றான்?”

“பஸ்ராவுல சொல்லு சொல்றார். பெரிய மனுஷங்க எழுதிக்கிறாங்க.”

“எந்தச் சொல்லு? எங்க சொல்லா?” என்றாள் ரய்யா. சிரிப்பு நின்றுவிட்டது.

பஸ்ராவுக்கு வந்ததும் அபூ ஹிலாலிடம் போவதற்கு முன்பு சந்தைக்குப் போனேன். ஷுமைலைத் தனியே அழைத்து, மழை பெய்தது என்றேன். ரய்யாவின் கூடாரம் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

“சொட்டுன சொல்ல மட்டும் சொல்லுங்க, ஸாலிம் அம்மா. நான் எங்க கெடந்தேன்னு சொல்லாதீங்க.”

“சொல்லலன்னா அந்த ஒண்ணு நிக்கும். நான் கேட்ட நாப்பத்தொண்ணும் நிக்கும். மீதி இருநூத்தி எழுபது?”

“இந்தச் சந்தைல எனக்குக் காலு இல்ல. வாய் மட்டுந்தான் இருக்கு. ஒம்பது மாசம் திரைக்கு அந்தப் பக்கம் நூல் நூத்துட்டுக் கெடந்தவன்னு தெரிஞ்சா, நாளைக்கு ஒருத்தன் எங்கூட ஒட்டகத்தப் பத்திப் பேசமாட்டான். தறிக்காரி வந்துட்டாம்பான்.”

“அப்ப சுரண்டிருவாங்க.”

“தெரியும்.”

அவர் ரகசியம் அவருடையது. நான் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் அபூ ஹிலால் சாய்ந்து பாடம் சொல்லும் தூணைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். ஷுமைல் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் சாட்சி சொன்னேன்: கிணற்றின் பெயர், நாள், யார் கூடாரம், யார் யார் சொன்னார்கள், எந்தெந்த வடிவத்தில். குழந்தையின் எச்சிலையும் சொன்னேன். அபூ ஹிலால் கண்ணை மூடிக் கேட்டார். கடைசியில் மற்ற நாற்பத்தொன்றையும் ஒப்பித்தேன்.

இப்னு வர்தான் நியாயமானவர். “இந்த நாப்பத்திரண்டு நிக்கட்டும், ஒத்துக்கிறேன்” என்றார். “பொம்பளைங்க சொல்லு. சரி. ஆனா பாருங்க, இவன் ஆம்பளை. அந்தப் பேச்சு இவன் காதுல எப்படி விழுந்துச்சு? கொஞ்சம் எங்கயோ ஒட்டுக்கேட்டிருப்பான், மீதியச் சொந்தமா ஜோடிச்சிருப்பான். முந்நூறு சொல்லு கேக்கற அளவுக்கு இவன் என்ன, அவங்களோட உக்காந்து நூல் நூத்தானா?”

சிலர் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

“ஆமா” என்றார் ஷுமைல்.

சிரிப்பு ஒரு பக்கத்தில் நின்று மறுபக்கத்தில் தொடர்ந்தது, பிறகு அங்கும் நின்றது.

“ஆமா, நூத்தேன். தொடை ஒடிஞ்சு ஒம்பது மாசம் பெரியம்மா தறிப் பக்கத்துல கெடந்தேன். பாவு ஓட்டத் தெரியும், சாயம் காய்ச்சத் தெரியும். ரெண்டு பிரசவம் அங்கயே படுத்துக்கிட்டுக் கேட்டிருக்கேன். தக்கிளி கொண்டாங்க, இப்பவே நூத்துக் காட்டறேன்.” அவர் குரல் உயரவில்லை. “நான் ஒரு சொல்லும் ஜோடிக்கல. எங்க கேட்டேன்னு சொல்லத்தான் வெக்கப்பட்டேன்.”

நாளைக்குச் சந்தையில் என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அபூ ஹிலால் கண்ணைத் திறந்தார். தூணைப் பிடித்து எழுந்து, கூட்டத்துக்குள் நடந்து, ஷுமைலின் எதிரே போய்ச் சிரமப்பட்டு உட்கார்ந்தார். மாணவன் உட்காரும் தூரத்தில்.

“திரைக்கு அந்தப் பக்கம்,” என்று கேட்டார், “இன்னும் எவ்வளவு இருக்கு?”

ஷுமைல் யோசித்தார். “எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒம்பது மாசந்தான் கெடந்தேன்.”

அபூ ஹிலாலின் முகத்தில் அப்போது வந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் யார் முகத்திலும் பார்த்ததில்லை. தன் வீட்டுச் சுவர் என்று நினைத்திருந்ததைத் தடவிப் பார்த்து, அது கதவு என்று கண்டுகொண்டவரின் முகம். பயமும் இருந்தது அதில், பேராசையும் இருந்தது. ஒரே ஒரு கூடாரம், ஒருத்தியின் தறி, ஒன்பது மாதம், முந்நூற்றுப் பன்னிரண்டு. எத்தனை குலங்கள், எத்தனை கூடாரங்கள். சமையல் பேசுபவர்கள், மீன் பிடிப்பவர்கள், கிணறு தோண்டுபவர்கள், ஒருவருக்கும் கேட்காமல் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்பவர்கள் எத்தனை பேர்.

அவர் நூல் படிப்பதைக் கோடைக்குத் தள்ளிவைத்தார். வீட்டுக்கு வந்ததும் முதல் தொகுதியை எடுக்கச் சொன்னார்.

“கைவிடப்பட்டதுன்னு எத்தனை எடத்துல எழுதியிருக்கோம்?”

“பதினாலாயிரத்துக்கு மேல இருக்கும்.”

“சுரண்டு. ‘நான் கேட்டதில்லை’ன்னு எழுது.”

“பதினாலாயிரத்துலயுமா?”

“நான் பாக்காத அறைய காலின்னு சொல்ல எனக்கு யார் அதிகாரம் குடுத்தது, ஹம்தூனா?”

ஐந்து மாதம் பேனாக்கத்தியால் மையைச் சுரண்டினேன். விரல்நுனி தேய்ந்துவிட்டது. நான் முணுமுணுத்தபோதெல்லாம் அவர் பேசாமல் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து தானும் சுரண்டினார். சந்தையில் ஷுமைலை இரண்டு மூன்று பேர் தறிக்காரி என்று கூப்பிடத்தான் செய்தார்கள். அவர் தோல்காரர்கள் பக்கத்தை விட்டுவிட்டு எங்கள் கூடத்துக்கு வந்து உட்காரத் தொடங்கினார். முந்நூற்றுப் பன்னிரண்டு, நானூற்று ஆறு ஆயிற்று. கூடியவை, இதுவரை அவர் வெட்கப்பட்டுச் சொல்லாமல் வைத்திருந்தவை.

கோடையில் பள்ளிவாசலில் நூல் படிக்கப்பட்டது. எண்பது பேர் எழுதினார்கள். அந்த வீட்டின் ஆறாவது அறை வந்தபோது அபூ ஹிலால் தானே படித்தார்: “இதை ஷுமைல் சொன்னார், தம் குலத்துப் பெண்கள் தறியடியில் பேசக் கேட்டதாக. இதை ஹம்தூனாவும் சொன்னார், ரய்யாவின் கூடாரத்தில் முதல் மழை பெய்தபோது ரய்யாவின் வாயிலிருந்து கேட்டதாக.” நாணல் பேனாக்கள் ஓடின.

முன்வரிசையில் இப்னு வர்தானின் பேனா மட்டும் நின்றது. திரும்பி, பெண்கள் பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்தார்.

“ரய்யாவோட அப்பா பேரு என்ன?” என்றார். “சாட்சி பேரு முழுசா இருக்கணும். அம்மா பேரும் சொல்லுங்க, அவங்க தறிதானே.”

சொன்னேன். எழுதிக்கொண்டார்.